நோட்பேடிலிருந்து தமிழ் உரையை அச்சிடுவது எப்படி? புதியவர்களுக்கான வழிகாட்டி

தமிழில் ஒரு மனுவையோ, சங்கக் கூட்ட அறிவிப்பையோ, முகவரிப் பட்டியலையோ தட்டச்சு செய்ய விண்டோஸ் கணினியுடன் இலவசமாக வரும் நோட்பேடே போதும். தனியாக மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. பழைய கணினியிலும் தடையின்றித் திறக்கும். தட்டச்சில் எந்தச் சிரமமும் தராத இந்தச் சிறிய நிரல், அச்சிடும் நேரத்தில்தான் புதியவர்களைத் தடுமாற வைக்கிறது. தமிழ் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கட்டங்கள் வருகின்றன, மாவட்ட ஆட்சியருக்கு எழுதிய மனுவின் உச்சியில் கோப்பின் பெயர் வந்து நிற்கிறது, கையொப்ப வரி மட்டும் தனியாக இரண்டாம் தாளுக்குப் போய்விடுகிறது. இவை எல்லாவற்றையும் பட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, அடுத்தவர் தாளையும் காசையும் வீணாக்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நோட்பேடு சேமிக்கும் டெக்ஸ்ட் கோப்பில் எழுத்துகள் மட்டுமே இருக்கும். எழுத்துருவோ, அதன் அளவோ, தாளின் ஓர இடைவெளியோ அந்தக் கோப்பில் பதிவாவதில்லை. அவை அனைத்தும் நீங்கள் உட்கார்ந்திருக்கும் கணினியின் அமைப்புகள். ஆகவே உங்கள் வீட்டுத் திரையில் ஒழுங்காகத் தெரிந்த கோப்பு, கடைக்காரரின் கணினியில் அப்படியே அச்சாகும் என்று எதிர்பார்க்க முடியாது. கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரணத்தால் தேவைப்படுபவை.

1. கோப்பில் உள்ள தமிழ் எந்த வகை என்று பாருங்கள்

நீங்களே இப்போது தட்டச்சு செய்த கோப்பு என்றால் அது பெரும்பாலும் யூனிகோடாகத்தான், அதாவது எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறியாக்கமாகத்தான் இருக்கும். அடுத்த படிக்குப் போகலாம். பிறர் அனுப்பியதோ, பழைய கணினியிலிருந்து எடுத்ததோ என்றால் திறந்தவுடன் என்ன தெரிகிறது என்பதை நிதானமாகப் பாருங்கள். திரையில் தெரியும் குப்பை எல்லாம் ஒரே வகைக் குப்பை அல்ல. எந்த வகை என்பதைப் பொறுத்தே மருந்து மாறும்.

வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. எழுத்துகள் கோப்பில் பத்திரமாக இருக்கின்றன, அவற்றைக் காட்டும் எழுத்துருதான் இல்லை. மூன்றாம் படியில் இது சரியாகிவிடும்.

தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் எழுத்து இருக்கும் வணிகக் குறியும் திரும்பத் திரும்ப வந்தால், அது யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கப்பட்ட நல்ல யூனிகோடு தமிழ்தான். நோட்பேடு அதை வேறு முறையாக எண்ணித் திறந்துவிட்டது. கோப்பை மூடிவிட்டு, ஃபைல் மெனுவில் உள்ள ஓபன் வழியாக மீண்டும் திறக்கும்போது, அந்தப் பெட்டியின் அடிப்பகுதியில் உள்ள என்கோடிங் என்ற பட்டியலில் யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். மறந்தும் குப்பையாகத் தெரியும் நிலையிலேயே சேமித்துவிடாதீர்கள்.

சாதாரண ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் பொருளின்றிக் கலந்து கிடந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. ‘அம்மா’ என்ற சொல் பாமினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து குறிகளாகக் கிடக்கும். பலவகைக் கோடுகளும் புள்ளிகளும் ஏறிய ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் டிஸ்கி, டாப், டாம் போன்ற பழைய குறியாக்கங்களில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். தமிழ் இலக்கியங்களை இலவச மின்னூல்களாக வெளியிட 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொடக்க கால மின்னூல்கள் டிஸ்கியில் வந்தவை. அப்படி அக்காலத்தில் இறக்கி வைத்த கோப்புகள் இன்றும் பலரிடம் இருக்கின்றன. இவற்றை என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற குறிமாற்றி ஒன்றில் யூனிகோடாக மாற்றிய பிறகே அச்சுக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்றியதும் ஒரு பத்தியையாவது வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஒகரம், ஔகாரம், ‘ஸ்ரீ’, மேற்கோள் குறிகள் ஆகியவற்றில்தான் பிசகு ஒளிந்திருக்கும்.

வரிசையாகக் கேள்விக்குறிகள் மட்டும் தெரிந்தால் அந்த உரை போய்விட்டது. தமிழ் எழுத்துகளுக்கு இடமில்லாத ஆன்சி என்ற பழைய முறையில் சேமித்ததன் விளைவு அது. எந்த மாற்றியாலும் மீட்க முடியாது. அனுப்பியவரிடம் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குவது ஒன்றே வழி.

எல்லாம் தமிழாகவே தெரிந்தும் பத்திகள் பிரியாமல் ஒரே நீண்ட வரியாக ஓடினால், நீங்கள் பழைய விண்டோஸில் இருக்கிறீர்கள், கோப்பு லினக்ஸ் போன்ற வேறு இயங்குதளத்திலிருந்து வந்திருக்கிறது என்று பொருள். விண்டோஸ் 10இன் 1809 பதிப்புக்குப் பிறகு வந்த நோட்பேடில் இந்தத் தொல்லை இல்லை.

2. யூடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள்

விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்து நோட்பேடு புதுக் கோப்புகளைத் தானாகவே யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கிறது. எந்த முறை என்பது சாளரத்தின் அடிப்பட்டையிலும் தெரியும். அதற்கு முந்தைய பதிப்புகளில் ஆன்சிதான் இயல்பு. விண்டோஸ் 7 ஓடும் கணினிகள் இன்னும் பல இடங்களில் இருப்பதால் இதைச் சொல்கிறேன். அங்கே சேமிக்கும்போது, யூனிகோடு எழுத்துகள் இழக்கப்படும் என்ற எச்சரிக்கைப் பெட்டி ஒன்று வரும். அவசரத்தில் ஓகே அழுத்தினால் மேலே சொன்ன கேள்விக்குறிகள்தான் மிஞ்சும். கேன்சல் அழுத்தி, சேவ் ஆஸ் பெட்டியில் என்கோடிங் பட்டியலை யூடிஎஃப்-8 என்று மாற்றிச் சேமியுங்கள்.

அச்சிடும் முன் கோப்பைச் சேமிப்பது வெறும் நல்ல பழக்கம் மட்டுமல்ல. கோப்பின் மேல் வலப்பக்கச் சொடுக்கு செய்து பிரிண்ட் கொடுத்தால், வட்டில் கடைசியாகச் சேமித்த வடிவம்தான் அச்சாகும். திரையில் திருத்திச் சேமிக்காமல் விட்டது வராது. அதோடு, அந்த வழியில் எந்த அச்சுப்பொறி, எத்தனை படி என்று எதையும் கேட்காமல் இயல்பு (டிஃபால்ட்) அச்சுப்பொறிக்கு நேராகப் போய்விடும். புதியவர்கள் அந்தக் குறுக்கு வழியைத் தவிர்ப்பது நல்லது.

3. எழுத்துருவையும் அளவையும் முடிவு செய்யுங்கள்

நோட்பேடின் இயல்பான எழுத்துருவான கன்சோலாஸில் தமிழ் எழுத்துகளே கிடையாது. திரையில் விண்டோஸ் வேறோர் எழுத்துருவை இட்டு நிரப்பிச் சமாளித்துவிடுகிறது. அச்சிலும் அப்படியே நடக்கும் என்று நம்பியிராமல் நீங்களே தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ கூடவே வருகிறது. விண்டோஸ் 7இல் லதா, விஜயா இரண்டும் உண்டு. விண்டோஸ் 10இலும் 11இலும் லதாவும் விஜயாவும் வேண்டுமென்றால், செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதிக்குப் போய்த் தமிழுக்கான கூடுதல் எழுத்துருத் தொகுப்பை நிறுவிக்கொள்ள வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை, இணையம் மட்டும் தேவை.

விண்டோஸ் 10இல் ஃபார்மட் மெனுவில் ஃபான்ட் என்ற இடத்திலும், விண்டோஸ் 11இல் வலப்பக்க மேல்மூலையில் உள்ள பற்சக்கரக் குறியைத் தொட்டால் வரும் பக்கத்திலும் எழுத்துருவை மாற்றலாம். இந்த மாற்றம் நோட்பேடில் திறக்கும் எல்லாக் கோப்புகளுக்கும் பொருந்தும். டெக்ஸ்ட் கோப்பில் ஒரு வரிக்கு மட்டும் பெரிய எழுத்து, தலைப்புக்கு மட்டும் வேறு எழுத்துரு என்று வைக்க முடியாது.

கன்ட்ரோல் விசையுடன் கூட்டல் குறியை அழுத்தி எழுத்தைப் பெரிதாக்குவதற்கும் அச்சுக்கும் தொடர்பில்லை. அது பார்ப்பதற்கான உருப்பெருக்கம். தாளில் விழும் அளவு, எழுத்துருப் பெட்டியில் நீங்கள் கொடுக்கும் எண்தான். வேர்டு ராப் என்ற வரிமடக்கு வசதியும் அப்படியே: திரைக்குத்தான் அது, அச்சில் வரிகள் தாளின் அகலத்துக்கு ஏற்பவே மடங்கும்.

செலவு இங்கேதான் தீர்மானமாகிறது. நிர்மலா யூஐ எழுத்துருவில் 12 புள்ளி அளவு வைத்தால் ஒரு ஏ4 பக்கத்தில் ஏறக்குறைய 40 வரிகள் கொள்ளும். 10 புள்ளிக்கு இறக்கினால் பக்கத்துக்கு வரிகளும் கூடும், வரிக்குச் சொற்களும் கூடும். ஆகவே தொடர்ச்சியான உரை என்றால் 100 பக்கம் வருவது சுமார் 70 பக்கத்தில் அடங்கிவிடும். தானே வைத்துப் படிப்பதற்கு 10 போதும். அலுவலகத்துக்குக் கொடுக்கும் மனுவுக்கு 12க்குக் குறைக்காதீர்கள். படிக்கப் போகிறவர் அன்றைக்கு அது போல் பலவற்றைப் படிக்க வேண்டியவர். முதியவர்களுக்கு என்றால் 14.

4. பேஜ் செட்அப்பில் மூன்று இடங்களைத் தொடுங்கள்

ஃபைல் மெனுவில் பேஜ் செட்அப்பைத் திறங்கள்.

தாளின் அளவு ஏ4 என்று இருக்கிறதா பாருங்கள். அமெரிக்க முறையில் அமைக்கப்பட்ட கணினிகளில் லெட்டர் என்று இருக்கும். லெட்டர் தாள் 216 மில்லிமீட்டர் அகலமும் 279 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. ஏ4 210 மில்லிமீட்டர் அகலம், 297 மில்லிமீட்டர் உயரம். வேறுபாடு சிறிதாகத் தோன்றினாலும், ஏ4 தாளின் அடியில் காரணமற்ற வெற்றிடம் விழுவதும், சில அச்சுப்பொறிகள் ‘லெட்டர் தாள் வைக்கவும்’ என்று விளக்கை மினுக்கிக்கொண்டு அசையாமல் நிற்பதும் இதனால்தான்.

ஓர இடைவெளியில் இடப்பக்கத்தை மட்டும் கூட்டுங்கள். இயல்பாக இடமும் வலமும் 20 மில்லிமீட்டர், மேலும் கீழும் 25 மில்லிமீட்டர் என்ற அளவில் இருக்கும். அலுவலகங்களில் இடப்பக்கம் துளையிட்டுக் கோப்பில் கோர்ப்பார்கள். 20 மில்லிமீட்டர் விட்டால் வரியின் முதலெழுத்துகள் கோப்பின் மடிப்புக்குள் மறைந்துவிடும். 35 மில்லிமீட்டர் விடுங்கள்.

மூன்றாவது, ஹெடர், ஃபுட்டர் என்ற இரு கட்டங்கள். மனுவின் உச்சியில் ‘மனு புதியது கடைசி 2’ என்று கோப்பின் பெயர் அச்சாவதற்குக் காரணம் இந்த ஹெடர் கட்டம்தான். அதில் & குறியும் ஆங்கில எஃப் எழுத்தும் இருக்கும்; கோப்பின் பெயரை இடு என்று அதற்குப் பொருள். அழித்துக் காலியாக விடுங்கள். ஃபுட்டரில் ஆங்கிலத்தில் பேஜ் என்ற சொல்லும், & குறியும் பி எழுத்தும் இருக்கும். பேஜ் என்பதை அழித்துவிட்டு & குறியையும் பி எழுத்தையும் மட்டும் விட்டால் பக்க எண் மட்டும் வரும்; ஒரே பக்க மனுவுக்கு அதுவும் வேண்டாம். & குறியுடன் டி எழுத்து சேர்த்தால் அச்சிடும் நாளின் தேதி விழும். மனுவில் தேதியைக் கையால் எழுதுவதாக இருந்தால் இதைச் சேர்க்காதீர்கள். இரண்டு தேதிகள் வேறுபட்டு நின்றால் கேள்வி வரும். இந்தக் கட்டங்களில் செய்த மாற்றம் அடுத்த முறையும் அப்படியே இருக்கும் என்று எண்ணாமல், ஒவ்வொரு முறை அச்சிடும் முன்பும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

5. தாளுக்கு முன் பிடிஎஃப்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்றுவீர்கள் என்றால், இதைப் பின்பற்றுங்கள். விண்டோஸ் 10 முதல் மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப் என்ற பெயரில் ஓர் அச்சுப்பொறி பட்டியலில் இருக்கும். அது உண்மையான இயந்திரம் அல்ல. தாளில் விழ வேண்டியதைப் பிடிஎஃப் கோப்பாக எழுதித் தருவது. கன்ட்ரோல் விசையுடன் பி அழுத்தி, அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்து, பிரிண்ட் கொடுத்தால் கோப்பை எங்கே வைப்பது என்று கேட்கும். பெயர் கொடுத்துச் சேமித்துவிட்டுத் திறந்து பாருங்கள்.

பழைய நோட்பேடில் முன்னோட்டம் பார்க்கும் வசதி கிடையாது. பிடிஎஃப்தான் உங்கள் முன்னோட்டம். எத்தனை பக்கம் வந்திருக்கிறது, கையொப்ப வரி எந்தப் பக்கத்தில் நிற்கிறது, ‘கொ’, ‘தௌ’ போன்ற எழுத்துகள் ஒற்றைக்கொம்பும் காலும் பிரியாமல் வந்திருக்கின்றனவா, பக்கத்தின் அளவு 210க்கு 297தானா என்று இங்கேயே சரிபார்த்துவிடலாம். இந்த இடத்தில் பக்கத்தை முறி என்று சொல்லும் கட்டளை நோட்பேடில் இல்லாததால், கையொப்பம் அடுத்த பக்கத்துக்கு வழிந்தால் கீழ் ஓரத்தை 25இலிருந்து 20 மில்லிமீட்டராக்குங்கள், மனு அல்லாத தாள் என்றால் எழுத்தளவை 12இலிருந்து 11க்கு இறக்கலாம். எழுத்துரு பிடிஎஃப்க்குள்ளேயே பொதிந்துவிடுவதால் எந்தக் கணினியில் திறந்தாலும் இதே தோற்றம்தான் வரும்.

விண்டோஸ் 7இல் இந்த வசதி இல்லை. கோப்பை வேறொரு கணினிக்குக் கொண்டுபோய்ப் பிடிஎஃப் ஆக்குவதே சுலபம்.

6. வீட்டு அச்சுப்பொறியில் அச்சிடுவது

நோட்பேடை மூடிவிட்டுப் பிடிஎஃப்பிலிருந்து அச்சிடுங்கள். 3ஆம் பக்கம் மட்டும், ஒற்றைப்படைப் பக்கங்கள் மட்டும் என்றெல்லாம் பிடிஎஃப் படிப்பானில் தேர்ந்தெடுக்க முடியும். அளவில் ‘ஃபிட்’ என்று இருந்தால் ‘ஆக்சுவல் சைஸ்’ என்று மாற்றுங்கள். இல்லையென்றால் நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த ஓர இடைவெளி சுருங்கியோ விரிந்தோ போகும்.

தானாகத் தாளைத் திருப்பும் வசதி இல்லாத இயந்திரத்தில் இருபக்கமும் அச்சிட, முதலில் ஒற்றைப்படைப் பக்கங்களை அச்சிட்டு, தாள்களைத் திருப்பி வைத்து, இரட்டைப்படைப் பக்கங்களை அச்சிட வேண்டும். தாளை எந்தப் பக்கம் மேலாக, எந்த முனை உள்ளாக வைப்பது என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். ஒரு வெற்றுத் தாளின் மூலையில் பென்சிலால் அம்புக்குறி போட்டு, நான்கே பக்கங்களை அச்சிட்டுப் பார்த்து, அது எப்படி வெளிவருகிறது என்பதை இயந்திரத்தின் மூடியிலேயே குறித்து ஒட்டிவிடுங்கள். 500 தாள் கொண்ட ஒரு ரீம் ஒரு பக்கம் மட்டும் அச்சிடுவதைவிட இருமடங்கு நாள் வரும்.

பிரிண்ட் கொடுத்தும் ஒன்றும் வரவில்லையென்றால் மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள். ஒவ்வோர் அழுத்தமும் வரிசையில் போய் நிற்கும். கோளாறு சரியானதும் எல்லாப் படிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டும். முதலில் எந்த அச்சுப்பொறிக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். இயல்பு அச்சுப்பொறியை விண்டோஸே தீர்மானிக்கட்டும் என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், கடைசியாகப் பயன்படுத்திய அச்சுப்பொறியே இயல்பாகிவிடும். சற்று முன் பிடிஎஃப் எடுத்திருந்தால் அடுத்ததும் பிடிஎஃப்க்கே போகும். செட்டிங்ஸில் பிரிண்டர்ஸ் பகுதியில் அந்த அமைப்பை அணைத்துவிடலாம். அதே பகுதியில் அச்சுப்பொறியின் பெயரைத் தொட்டால் காத்திருக்கும் வேலைகளின் பட்டியல் வரும்; அங்கே நீக்குங்கள். நீக்கியும் நகராமல் நின்றால் சர்வீசஸ் பட்டியலில், அச்சு வேலைகளை வரிசையில் நிறுத்தும் பிரிண்ட் ஸ்பூலர் என்பதை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அது தெரியாவிட்டால் கணினியையே ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

7. கடையில் அச்சிடுவது

பென் டிரைவில் பிடிஎஃப்பையும் டெக்ஸ்ட் கோப்பையும் இரண்டையும் எடுத்துப் போங்கள். பிடிஎஃப் அச்சுக்கு, கடைசி நேரத்தில் ஒரு பெயரையோ தேதியையோ திருத்த நேர்ந்தால் டெக்ஸ்ட் கோப்பு. ஆனால் கடைக் கணினியில் திருத்தினால் மூன்றாம், நான்காம் படிகளை அங்கே மீண்டும் செய்தாக வேண்டும். கடைக்காரர் டெக்ஸ்ட் கோப்பையே நேராகத் திறந்து பிரிண்ட் கொடுக்க முனைந்தால், பிடிஎஃப்பில் எடுங்கள் என்று தயங்காமல் சொல்லுங்கள். கட்டங்களாக வந்த தாளுக்கும் பணம் உங்களிடம்தான் கேட்பார்கள்.

விலை ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். பெரும்பாலான கடைகளில் பிரிண்ட் அவுட் ஒரு விலை, ஜெராக்ஸ் அதைவிடக் குறைந்த விலை. ஆகவே பத்துப் படிகள் வேண்டுமென்றால் ஒரே ஒரு பிரிண்ட் எடுத்து மற்றதை ஜெராக்ஸ் எடுங்கள். கேட்ட விலை தாளுக்கா, பக்கத்துக்கா என்று முன்கூட்டியே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இருபக்கம் அச்சிட்டால் செலவு பாதியாகும் என்று எண்ணிப் போகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கறுப்பு வெள்ளை என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பள்ளி, கல்லூரிச் சேர்க்கை நடக்கும் மே, ஜூன் மாதங்களிலும், எந்த விண்ணப்பத்துக்கும் கடைசி நாளன்றும் கடைகளில் நிற்க இடமிருக்காது. முடிந்தால் ஒரு நாள் முன்னதாகவே எடுத்து வைத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார்கள். அனுப்பலாம், ஆனால் உங்கள் முகவரியும் கைபேசி எண்ணும் உள்ள மனு அந்தக் கணினியின் டவுன்லோட்ஸ் பகுதியில் தங்கிவிடும். அச்சானதும், உங்கள் கண்முன்னே அதை அழிக்கச் சொல்லி, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள். உங்கள் வாட்ஸ்அப்பை நீங்களே அந்தக் கணினியில் இணைத்திருந்தால் கைபேசியின் லிங்க்டு டிவைசஸ் பகுதிக்குப் போய் வெளியேறிவிட்டே கடையை விட்டுக் கிளம்புங்கள்.

8. நோட்பேடு வேண்டாம் என்று முடிவு செய்ய வேண்டிய இடம்

பெயர், தொகை, தேதி என்று தனித்தனி நெடுவரிசைகளாக நிற்க வேண்டிய பட்டியலை ஸ்பேஸ் விசையால் இடம்விட்டு அடுக்கியிருந்தால், நோட்பேடிலிருந்து அது நேராக அச்சாகாது. கன்சோலாஸில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் ஒரே அகலம். தமிழில் ‘ர’வும் ‘ணை’யும் ஒரே அகலமாக இருக்க முடியாது. டேப் விசை ஓரளவு கைகொடுக்கும் என்றாலும், நீளமான பெயர் ஒன்று வந்தால் அந்த வரி மட்டும் ஒரு படி தள்ளி நிற்கும். கணக்குப் பட்டியல், நடுவில் நிற்க வேண்டிய தலைப்பு, தடித்த எழுத்து ஆகியவை தேவைப்பட்டால் உரையை அப்படியே நகலெடுத்து லிப்ரே ஆஃபிஸ் ரைட்டரில் ஒட்டி அட்டவணையாக்குங்கள், அதுவும் இலவசம்தான். முன்பு இதற்கு வேர்டுபேடு உதவியது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து அதை நீக்கிவிட்டதால், புதுக் கணினியில் அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.